ஒரே வீட்டில் இரண்டு சின்ன எச்.ஆர்.வி. போடலாமா?

கேள்வி இதுதான். ரொறொன்ரோவுக்கு வடக்கே மார்க்கத்தில் ஒரு தனி வீடு. நிலத்தளமும் மேல்மாடியும் சேர்த்து 2,400 சதுர அடி, நான்கு படுக்கையறைகள். பேஸ்மென்ட்டை இரண்டு படுக்கையறைகளோடு தனிக் குடியிருப்பாக்கி வாடகைக்குக் கொடுக்கப் போகிறார்கள். பழைய எச்.ஆர்.வி., அதாவது வெளியே போகிற காற்றின் வெப்பத்தைப் பிடித்து உள்ளே வருகிற காற்றுக்குக் கொடுக்கும் கருவி, பழுதாகிவிட்டது. வேலை எடுத்தவர், வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் இருக்கிற அறையில் பெரிதாக ஒன்று போட்டால் போதும் என்கிறார். மைத்துனரோ இரண்டு சின்னதாகப் போடுங்கள், மின்சாரமும் மிச்சம், வெப்பமும் மிச்சம் என்கிறார். யார் சொல்வது சரி?

உங்கள் வீட்டுக்கு இரண்டு. ஆனால் உங்கள் மைத்துனர் சொல்கிற காரணத்துக்காக அல்ல. பேஸ்மென்ட்டை வாடகைக்கு விடாமல் உங்கள் குடும்பமே பாவிப்பதாக இருந்தால், நானும் ஒன்றே போதும் என்றுதான் சொல்லியிருப்பேன். ஒரு கூரைக்குக் கீழே இரண்டு குடும்பங்கள் சமைத்து, குளித்து, தூங்கப் போகின்றன. அந்த இரண்டு குடும்பங்களின் மூச்சும் ஒரே பெட்டிக்குள் கலக்கக் கூடாது. எனக்கு இதுதான் முதல் காரணம்.

ஒரு பெரிய எச்.ஆர்.வி. எப்படி வேலை செய்கிறது என்று யோசித்துப் பாருங்கள். குளியலறைகளிலும் குசினியிலும் இருந்து பழைய காற்றை இழுக்கிறது. அது நடுவிலுள்ள கோரின் மெல்லிய தகடுகளின் ஒரு பக்கமாக ஓட, வெளிக்காற்று மறு பக்கமாக ஓடுகிறது. வெப்பம் மட்டும் கடக்கும், காற்று கலக்காது. சரி, கலக்காது என்றால் என்ன பிரச்சினை? குளிர் கடுமையாகும்போதுதான் பிரச்சினை. வெளியே −5 பாகைக்குக் கீழே போனால் கோருக்குள் ஈரம் உறையத் தொடங்கும். அதை உருக்க, பல யூனிட்கள் வெளிக்காற்றை அடைத்துவிட்டு, வீட்டிலிருந்து இழுத்த அதே பழைய காற்றையே சில நிமிடங்களுக்குத் திரும்ப வீட்டுக்குள் அனுப்பும். ஒரே குடும்பம் என்றால் அது பெரிய விஷயமில்லை. இரண்டு குடும்பங்கள் என்றால், கீழே அவர்கள் மீன் பொரித்த காற்று ஜனவரி இரவில் உங்கள் பிள்ளையின் அறைக்குள் வரும். உங்கள் குளியலறைக் காற்று அவர்களிடம் போகும். குளிர் கூடக் கூட இது அடிக்கடி நடக்கும்.

மணத்தைவிடப் பெரிய விஷயம் புகை. ஒரு குடியிருப்பில் தீப்பிடித்தால் புகை மற்றதற்குள் போகாமல் இருக்கத்தான் இரண்டுக்கும் நடுவே தீத்தடுப்புக் கூரை, சுவர் எல்லாம் போடச் சொல்கிறார்கள். அந்தக் கூரையைத் துளைத்து இரண்டு பக்கத்தையும் இணைக்கிற காற்றுக்குழாய் ஒன்றை நாமே ஓட்டுவது, செலவழித்துக் கட்டிய தடுப்பில் நாமே ஓட்டை போடுவது போல. தனித்தனிக் குடியிருப்புகளின் காற்றுக்குழாய்களை ஒன்றோடொன்று இணைக்கக் கூடாது என்பது கட்டட விதியின் பொதுவான நிலைப்பாடு. ஏற்கெனவே உள்ள வீடுகளில் ஒரே ஃபர்னஸ் இரண்டு பக்கத்துக்கும் ஓடினால், குழாய்க்குள் புகை உணரியைப் பொருத்தி, புகை வந்தால் ஃபர்னஸ் தானாக நிற்கும்படி செய்து சமாளிக்க ஒன்ராறியோவில் இடமுண்டு. உங்கள் வீட்டுக்கு எது பொருந்தும் என்பதை பெர்மிட் எடுக்கும்போது நகரசபையின் கட்டடப் பிரிவில் நேரே கேட்டுவிடுங்கள்.

இங்கே ஒரு முடிச்சு இருக்கிறது. ரொறொன்ரோ பக்கத்தில் பல வீடுகளில் எச்.ஆர்.வி.க்குத் தனிக் குழாய் இல்லை. புதிய காற்றை ஃபர்னஸின் ரிட்டர்ன் குழாய்க்குள், அதாவது வீட்டுக் காற்றை ஃபர்னஸுக்குத் திரும்ப இழுக்கும் குழாய்க்குள், விட்டுவிடுகிறார்கள், ஃபர்னஸின் விசிறி அதை வீடு முழுக்கப் பரப்புகிறது. உங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அந்த அமைப்பை வைத்துக்கொண்டு இரண்டு எச்.ஆர்.வி. வாங்கினால் காசுதான் வீண். ஃபர்னஸ் இரண்டு குடும்பங்களின் காற்றையும் கலக்கிக்கொண்டே இருக்கும். இரண்டு யூனிட் போடுவதென்றால் இரண்டுக்கும் சொந்தக் குழாய் வேண்டும். பேஸ்மென்ட்டுக்குப் போகிற ஃபர்னஸ் குழாய்களை முடிந்தால் அடைத்துவிட்டு, அங்கே மின் ஹீற்றரோ சின்ன ஹீட் பம்போ தனியாகப் போடுங்கள். அது கூடுதல் செலவு, தெரியும். ஆனால் வாடகைக்கு வருகிறவர் தனக்கு வேண்டிய சூட்டைத் தானே வைத்துக்கொள்ளலாம். மேலும் கீழும் இருப்பவர்களுக்கு இடையே சூட்டை வைத்து வருகிற சண்டையை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இனிக் கணக்கு. கனடாவில் வழக்கமாகச் செய்வது அறைக் கணக்கு. பெரிய படுக்கையறைக்கு விநாடிக்கு 10 லீற்றர் புதிய காற்று, மற்ற அறைகளுக்கு, குசினி குளியலறை உட்பட, ஒவ்வொன்றுக்கும் 5 லீற்றர். உங்கள் மேல்பகுதி: பெரிய படுக்கையறை 10, மற்ற மூன்று படுக்கையறைகள் 15, வரவேற்பறை, சாப்பாட்டறை, குடும்ப அறை 15, குசினி 5, மூன்று குளியலறைகள் 15, உடுப்புத் தோய்க்கும் அறை 5. மொத்தம் 65 லீற்றர். கீழே இரண்டு படுக்கையறைகள் 15, இருக்கும் அறை 5, குசினி 5, குளியலறை 5, ஃபர்னஸ் அறை 5. மொத்தம் 35. இரண்டும் சேர்ந்து 100 லீற்றர். கடைகளில் சி.எஃப்.எம்., அதாவது நிமிடத்துக்கு இத்தனை கன அடி என்ற கணக்கில்தான் பேசுவார்கள். விநாடிக்கு ஒரு லீற்றர் என்பது 2.12 சி.எஃப்.எம்., ஆகவே மேலே சுமார் 138, கீழே சுமார் 74, மொத்தம் 212.

இது யூனிட் உச்சத்தில் கொடுக்க வேண்டிய அளவு. நாள் முழுக்க ஓடுவது இதில் ஏறக்குறைய பாதிதான். எனவே மேலே 30 லீற்றர் சொச்சத்திலும் கீழே 15 லீற்றர் சொச்சத்திலும் சத்தமில்லாமல் ஓடி, குளிக்கும்போதும் விருந்தினர் வரும்போதும் ஏறுகிற யூனிட்கள் உங்களுக்கு வேண்டும். பெட்டியில் எழுதியிருக்கிற பெரிய எண்ணைப் பார்த்து வாங்காதீர்கள். அது குழாயில் எதிர்ப்பு குறைவாக இருக்கும்போது வருகிற எண். குழாய் நீண்டு, நாலு முழங்கை வளைவும் இருந்தால் என்ன கிடைக்கும் என்பதை யூனிட்டின் அழுத்த அட்டவணையில் பார்க்க வேண்டும்.

இப்போது மைத்துனரின் வாதம். அதில் உண்மை இருக்கிறது, ஆனால் பாதி. காற்று மெதுவாக ஓடினால் கோருக்குள் அதிக நேரம் தங்கும், வெப்பம் நன்றாகக் கைமாறும். குறைந்த வேகத்தில் 75 வீதம் மீட்கிற யூனிட் ஒன்று வேகத்தைக் கூட்டினால் 65 பக்கம் இறங்கலாம். விசிறியும் அப்படித்தான். அதே குழாயில் காற்றோட்டத்தைப் பாதியாக்கினால் தேவைப்படும் சக்தி, கொள்கையளவில், எட்டில் ஒன்றாகிறது. நடைமுறையில் மோட்டரும் மின்னணுப் பலகையும் தமக்கென்று கொஞ்சம் தின்பதால் அவ்வளவு குறையாது. ஆகவே ஒரே மாதிரி யூனிட் இரண்டை வாங்கி இரண்டையும் அரை வேகத்தில் ஓட்டினால் இலாபம் உண்டு. ஆனால் நாம் வாங்குவது சின்ன யூனிட். அதன் கோரும் சின்னது. சின்னக் கோரில் அதன் பங்குக்குரிய காற்றை விட்டால் மீட்பு வீதம் பெரியதில் வருவதைப் போலத்தான் வரும். விலை குறைந்த சின்ன யூனிட்களில் அதைவிடக் குறைவாகவும் வரலாம்.

அந்தப் பத்து வீதம் எவ்வளவு பெரிது? விநாடிக்கு 50 லீற்றர் காற்று, வெளியே −20, உள்ளே 21 என்றால், மீட்பே இல்லாதபோது ஏறக்குறைய 2,460 வாற் வெப்பம் யன்னலைத் திறந்து வைத்ததுபோல வெளியே போகும். அதில் பத்து வீதம் 246 வாற். வெளியே 0 பாகையாக உள்ள சாதாரண குளிர்கால நாளில் அதே பத்து வீதம் 126 வாற்தான், பழைய 60 வாற் குமிழ் இரண்டு. மிச்சம்தான், ஆனால் இரண்டாவது யூனிட்டின் விலையையும் கூலியையும் அது திருப்பித் தந்துவிடாது. எச்.ஆர்.வி. இருப்பதா இல்லையா என்பதில்தான் பெரிய இலாபம் இருக்கிறது, ஒன்றா இரண்டா என்பதில் அல்ல. 1977இல் சஸ்காச்சுவான் மாகாணத்து ரெஜைனாவில், கனடாவின் கடுங்குளிருக்காக ஒரு மாதிரி வீடு கட்டினார்கள். காற்றுப் புகாமல் இறுக்கிக் கட்டி, வெப்பம் மீட்கும் கருவியையும் பொருத்தினார்கள். வீட்டை இறுக்கினால் காற்றுக்கு வழி நாம்தான் செய்துகொடுக்க வேண்டும் என்பது அன்றிலிருந்தே தெரிந்த விஷயம். அந்தக் காற்றுப் படுக்கையறைவரை போய்ச் சேருகிறதா என்பதில்தான் இன்றும் வீடுகள் தவறிப் போகின்றன.

அதைக் கொஞ்சம் விளக்குகிறேன், ஏனென்றால் உங்கள் உடலுக்கு முக்கியமானது இதுதான். இரண்டு பேர் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கும் அறைக்கு விநாடிக்கு 10 லீற்றர் புதிய காற்று உண்மையாகவே வந்தால், விடியும்போது கரியமிலவாயு 1,100 பிபிஎம், அதாவது காற்றின் பத்து லட்சம் பங்கில் 1,100 பங்கு, அளவில் நிற்கும். வெளியே அது 420 பக்கம். காற்று வராவிட்டால் அதே அறையில் 2,000ஐத் தாண்டும். காலையில் தலை கனக்கிறது, தொண்டை வறள்கிறது என்று சொல்கிற எத்தனையோ வீடுகளில் பேஸ்மென்ட்டில் எச்.ஆர்.வி. நன்றாக ஓடிக்கொண்டுதான் இருந்தது. காற்று மேல்மாடிவரை ஏறவில்லை, அவ்வளவுதான். மேல் யூனிட்டை மேல்மாடியிலேயே வைத்தால் குழாய் குட்டையாகும், படுக்கையறைகளுக்கு நேராகப் போகும். இரண்டு யூனிட் போடுவதற்கு நான் சொல்லும் இரண்டாவது காரணம் இது. கதவுக்குக் கீழே இரண்டு சென்ரிமீற்றர் இடைவெளி விடவும் மறக்காதீர்கள். உள்ளே வருகிற காற்றுக்கு வெளியேற வழி வேண்டுமே.

மேல்மாடியில் எங்கே? உடுப்புத் தோய்க்கும் அறை மேலே இருந்தால் அதுதான் சரியான இடம். கோரில் வடியும் தண்ணீரை விட அங்கே வடிகால் இருக்கிறது, பெரும்பாலும் வெளிச்சுவரும் இருக்கும், சத்தமும் படுக்கையறையிலிருந்து விலகி இருக்கும். கூரைக்கடியிலுள்ள அட்டிக்கில் மட்டும் வைக்க விடாதீர்கள். எங்கள் முந்தின வீட்டில் இடம் மிச்சம் என்று சொல்லி அங்கேதான் ஏற்றினார்கள். பெப்ரவரியில் வடிகுழாய் உறைந்து, தண்ணீர் தட்டில் நிரம்பி, மகளின் அறைக் கூரையில் மஞ்சள் கறை படிந்தது. குழாய்களைச் சுற்றியிருந்த இன்சுலேஷனும் ஈரமாகிவிட்டது. யூனிட்டைக் கீழே இறக்கி, கூரையைத் திருத்த, முதல் வேலைக்குக் கொடுத்ததில் பாதிக்கு மேல் திரும்பவும் செலவானது. ஃபில்டரைக் கழுவக் குளிரில் ஏணி வைத்து அட்டிக்குக்குள் யாரும் ஏறமாட்டார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கைக்கு எட்டாத யூனிட் பராமரிக்கப்படாத யூனிட்.

இரண்டு யூனிட் என்றால் வெளிச்சுவரில் நான்கு துளைகள். உள்ளிழுக்கும் வாய்க்கும் வெளிவிடும் வாய்க்கும் குறைந்தது ஆறடி இடைவெளி வேண்டும் என்பது பொதுவாகத் தயாரிப்பாளர்கள் கேட்பது. ஒரு யூனிட்டின் இரண்டு வாய்களுக்கு இடையே மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். கீழ் யூனிட் வெளிவிடுவதை மேல் யூனிட் இழுக்கக்கூடாது என்பதையும் பாருங்கள். சூடான பழைய காற்று மேலேதான் ஏறும், ஆகவே இரண்டையும் ஒரே சுவரில் ஒன்றுக்கு மேல் ஒன்றாக வைக்காமல் இருப்பது நல்லது. டிரையரின் வாய், வாகனம் நிற்கும் இடம், எரிவாயு மீற்றர் இவற்றிலிருந்தும் விலகியிருக்க வேண்டும். பேஸ்மென்ட் யூனிட்டின் வாய் நிலத்திலிருந்து ஒன்றரை அடியாவது உயர்ந்திருக்க வேண்டும், உங்கள் வீட்டின் அந்தப் பக்கத்தில் பனி குவியுமென்றால் இன்னும் மேலே. மேல்மாடி வாயில் இலையும் பஞ்சும் அடைக்கும். அதைச் சுத்தம் செய்ய ஏணி வைக்க முடிகிற இடமாகப் பார்த்துத் துளையுங்கள்.

சமநிலை என்று ஒன்றிருக்கிறது. உள்ளே வருவதும் வெளியே போவதும் ஏறக்குறைய சமமாக, பத்து வீதத்துக்குள் இருக்க வேண்டும். இரண்டு யூனிட்களையும் தனித்தனியாக அளந்து சரிசெய்ய வேண்டும். ஒன்று கூடுதலாக இழுத்து மற்றது கூடுதலாகத் தள்ளி, கூட்டிப் பார்த்தால் சரி என்று விடக் கூடாது. அப்படி விட்டால் வெப்ப மீட்பும் போகும், ஒரு குடியிருப்பின் காற்று மற்றதற்குள் தள்ளப்படும். முக்கியமாகப் பேஸ்மென்ட் யூனிட் கூடுதலாக வெளியே இழுத்தால், மண்ணிலிருந்து ரேடான் என்ற கதிரியக்க வாயு தரை வெடிப்புகளூடாக உள்ளே வரும். கனடாவின் வழிகாட்டி அளவு ஒரு கன மீற்றருக்கு 200 பெக்கரெல். கீழே ஒரு குடும்பத்தைக் குடிவைக்கப் போகிறீர்கள், ஆகவே குளிர்காலத்தில் மூன்று மாதம் வைக்கிற சோதனையைக் கட்டாயம் செய்யுங்கள். கூடுதலாக இருந்தால் எச்.ஆர்.வி.யை வேகமாக ஓட்டித் தீர்க்கப் பார்க்காதீர்கள். தரைக்குக் கீழிருந்து குழாய் வைத்து இழுத்து வெளியே விடுவதுதான் அதற்கு வழி.

குசினி பற்றி நம் ஆட்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. எச்.ஆர்.வி.யால் தாளிப்புப் புகையைச் சமாளிக்க முடியாது. எண்ணெய் கலந்த ஆவி கோருக்குள் போனால் தகடுகளில் பிசினாக ஒட்டும். அடுப்புக்கு மேலுள்ள ஹூட் தனியாக, நேரே வெளியே போக வேண்டும், மேலேயும் கீழேயும். கரி வடிகட்டியால் காற்றை வடித்துத் திரும்பவும் வீட்டுக்குள்ளேயே விடுகிற ஹூட் நம் சமையலுக்கு உதவாது. குசினியில் எச்.ஆர்.வி.யின் உறிஞ்சும் வாயை வைப்பதென்றால் அடுப்பிலிருந்து நாலடியாவது தள்ளி, மேற்கூரை ஓரமாக வையுங்கள்.

இரண்டு யூனிட் இருப்பதில் இன்னொரு நன்மை, இரண்டும் ஒரே வகையாக இருக்க வேண்டியதில்லை. இ.ஆர்.வி. என்பது வெப்பத்தோடு ஈரத்தின் ஒரு பங்கையும் கைமாற்றும். குளிர்காலத்தில் வீடு வறண்டு உதடு வெடிக்கிற வீடுகளுக்கு அது நல்லது. யன்னல் கண்ணாடியின் ஓரம் காலையில் நனைந்திருக்கிற வீட்டுக்கு எச்.ஆர்.வி.தான் வேண்டும். உங்கள் மேல்பகுதி எந்த வகை என்று இந்தக் குளிர்காலத்தில் யன்னலைப் பார்த்தாலே தெரியும். பேஸ்மென்ட்டில் சின்ன இடத்துக்குள் சமையல், குளியல், உடுப்புக் காயப்போடுதல் எல்லாம் நடக்கும், ஆகவே அங்கே எச்.ஆர்.வி. போடுவேன். ஆனால் ஜூலை மாதத்துப் புழுக்கத்தில் அதைக் குறைந்த வேகத்தில் வைத்து, ஈரம் நீக்கும் கருவி ஒன்றையும் ஓட்ட வேண்டும். இல்லாவிட்டால் வெளி ஈரம் குளிர்ந்த சுவர்களில் படிந்து பூஞ்சணம் வரும். இ.ஆர்.வி.யும் ஈரத்தை உலர்த்தாது, வருவதைக் குறைக்கும், அவ்வளவுதான்.

சுவரில் துளை போட்டுப் பொருத்துகிற சோடி விசிறிகளையும் விற்கிறார்கள். ஒன்று ஒரு நிமிடம் போலக் காற்றை வெளியே தள்ளும்போது உள்ளிருக்கும் பீங்கான் சூடாகும், பிறகு திரும்பி உள்ளே இழுக்கும்போது அந்தச் சூட்டைத் தரும். மற்றது எதிர்ப்பக்கமாக ஓடும். குழாய் ஓட்ட வழியே இல்லாத பழைய வீட்டில் ஓரிரு அறைகளுக்கு அது சரி. முழுக் குடியிருப்பு ஒன்றுக்குப் போதாது.

செலவுக்கு வருவோம். இரண்டு சின்ன யூனிட் ஒரு பெரியதைவிட விலை கூடும், ஆனால் இரண்டு மடங்காகாது. குழாய் ஓட்டுவதிலும் துளையிடுவதிலும்தான் காசு போகும். பேஸ்மென்ட் கூரை எப்படியும் திறந்திருக்கும்போது கீழ்க் குழாய்களைப் போட்டுவிடுங்கள், ஜிப்ஸம் பலகை அடித்த பிறகு அதே வேலை பல மடங்காகும். பராமரிப்பும் இரட்டிப்பு: இரண்டு சோடி ஃபில்டர், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழுவ வேண்டும், கோரை வருடத்துக்கு ஒருமுறை. கீழ் யூனிட்டை வாடகைக்கு இருப்பவரின் அறைக்குள் பூட்டி வைத்தால் ஒவ்வொரு முறையும் அவரிடம் முன்கூட்டியே சொல்லி அனுமதி கேட்டுப் போக வேண்டியிருக்கும். ஃபர்னஸ் அறைக்குப் பொதுவழியில் கதவு இருந்தால் அங்கே வையுங்கள். அவருக்கு வேகத்தைக் கூட்டும் பொத்தான் மட்டும் குளியலறையில் இருக்கட்டும். முழுதாக நிறுத்தும் பொத்தானைக் கொடுத்தால் குளிர்காலத்தில் மின்கட்டணத்துக்குப் பயந்து நிறுத்திவிடுவார்கள், மார்ச் மாதத்தில் மூலையெல்லாம் கறுப்பாக இருக்கும்.

வேலை எடுத்தவரிடம் இரண்டு தனித்தனி விலைப்புள்ளி கேளுங்கள். ஒவ்வொன்றிலும் யூனிட்டின் மாதிரி எண், 0 பாகையிலும் −25 பாகையிலும் சான்றளிக்கப்பட்ட மீட்பு வீதம், உறைவை நீக்கும் முறை, அறை அறையாக எத்தனை லீற்றர் வரும் என்ற கணக்கு, முடிந்த பிறகு அளந்து எழுதிய சமநிலைத் தாள், இவ்வளவும் இருக்க வேண்டும். அந்தத் தாள் கைக்கு வரும்வரை கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள்.